கோல்கீப்பரின் கையெழுத்து

ஆயர் ஈத்தாம் போகும் டிராமில் எனக்கு முன்னால் ஹாக்கிக் குழுவின் காரியதரிசியும் கேப்டனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இனிமே ஆள் எடுத்தா முதல்ல கையெழுத்தைப் பாருங்கண்ணே!” என்றார் கேப்டன்.

“பந்து தடுக்கிறவனுக்குக் கையெழுத்து எதுக்குப்பா?”

“சுங்கை பாக்காப்லேர்ந்து அந்தக் கோல்கீப்பரைக் கூட்டியாந்து, ஆபீஸ் துரைகிட்டக் கெஞ்சி, எழுதற கிராணி வேலை வாங்கிக் கொடுத்தீங்கல்ல?”

“நமக்கு ஆடத்தானே கொடுத்தேன்?”

“அவன் எழுத்து முத்து முத்தா இருக்காம். ஆபீஸ் கடிதாசி பூரா அவன்தான் எழுதணுமாம். மேட்சுக்கு லீவு இல்லேன்னுட்டாரு துரை.”

“நான் போய்ப் பேசறேன்லா.”

“நான் எழுதியே கேட்டாச்சு. இந்தாங்க பதில். இதையும் அவன் கையாலேயே எழுத வச்சிருக்காரு.”

காரியதரிசி கடிதத்தைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார்.

“எழுத்து நல்லாத்தான்பா இருக்கு.”