மணிக்கட்டில் தெரிந்த படம்

கேபிள் வேலையில் நல்ல பெயர் எடுப்பது சுலபம். சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும், ஏணியின் காலைத் துடைத்துவிட்டு வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும், சுவரில் துளை போட்டால் தூசியை நாமே பெருக்கிவிட வேண்டும். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ரெமிஜியஸ் என்றால் இருபது வருடமாக அப்படித்தான் பெயர். யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் மஞ்சுநாத் சார்.

தமிழிலேயே எழுது, படித்துச் சொல்ல ஆள் இருக்கிறார் என்று தாளும் பேனாவும் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறீர்கள். காலையில் நான் உங்களிடம் சொன்னது ஒரு வரிதான். அடுகோடி குழந்தைகள் காப்பகத்தில் ஷ்ரேயாஸ் என்கிற இரண்டு வயதுப் பையன் செத்ததற்குக் காரணம் சந்திரம்மா இல்லை. அந்தச் சமையல்கார அம்மா நான்கு மாதமாக ஜெயிலில் இருக்கிறார். மிச்சத்தை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தப்பினால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

முதலில் கனெக்டர். கேபிளின் நுனியில் மாட்டுகிற பித்தளைத் தலையைத்தான் அப்படிச் சொல்வோம். டிவி கேபிளுக்கு எஃப் டைப். அதற்குத் தனியாக ஊசி கிடையாது, கேபிளின் நடுவில் இருக்கும் செம்புக் கம்பியே ஊசி, மரை சுற்றி மாட்ட வேண்டும். மொபைல் டவரில் என் டைப், கட்டை விரல் தடிமன், ரப்பர் வளையம் போட்டு மழைத் தண்ணீர் புகாமல் இறுக்குவார்கள். வைஃபை பெட்டியின் ஆன்டெனாவில் இருப்பது எஸ்.எம்.ஏ, சுண்டுவிரல் நகம் அளவுதான். கேமராவுக்கு பி.என்.சி. அதில் மரை இல்லை. தள்ளிக் கால் சுற்றுத் திருப்பினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். பூட்டாமல் சும்மா செருகி வைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை லேசாக வெளியே தள்ளிவிடும். பார்வைக்கு மாட்டின மாதிரியே இருக்கும், படம் வராது. பெரிய இன்ஜினியரே வந்து பார்த்தாலும் கனெக்டர் மட்டம் என்றுதான் சொல்வார். ஒரு கை செய்த வேலை என்று யாருக்கும் தோன்றாது.

அந்தக் காப்பகத்தில் ஆறு கேமராவும் நான் மாட்டியவை. நடத்துகிற தமயந்தி மேடம் கோயம்புத்தூர்க்காரர், என்மேல் அவ்வளவு நம்பிக்கை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நல்ல ஆள் வேண்டும் என்றபோது என் மனைவி லாவண்யாவைச் சேர்த்துவிட்டேன். பெற்றோர்களெல்லாம் ஐடி கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். ஆபீசில் உட்கார்ந்தபடி போனில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஜனவரியில் ஹார்ட் டிஸ்க் மாற்றப் போனேன். பழைய பதிவு சரியாக ஓடுகிறதா என்று ஒரு நாளைத் தட்டிப் பார்த்தபோது, மதியம் தூங்க வைக்கும் நேரத்தில் லாவண்யா ஒரு சிவப்பு பாட்டிலிலிருந்து வரிசையாகப் பன்னிரண்டு குழந்தைகளுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள். சளி மருந்து. நம் எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான். ஒரு குழந்தைக்கும் சளி இல்லை.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"பன்னெண்டு புள்ளைங்க. ஒண்ணு அழுதா பன்னெண்டும் அழும். அர மூடிதான் ஊத்துறேன், டாக்டருங்களே குடுக்குறதுதானே? ஒரு மணி நேரம் என் காதுக்கு ரெஸ்ட் வேணாமா?"

எனக்குக் கோபம் வந்தது. அந்த இரவு நான் சாப்பிடவில்லை. ஆனால் காலையில் யோசித்துப் பார்த்தால், இது வெளியே தெரிந்தால் அவளுக்குப் போவது ஒரு வேலை, எனக்குப் போவது இருபது வருடப் பெயர். போனில் அந்த நேரம் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, அந்தப் பதிவையும் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை, அன்று பார்த்தது நான் மட்டும்தான். பழைய டிஸ்கை உடைத்துப் போட்டேன். பிறகு லாவண்யாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ரெக்கார்டர் பெட்டி தூங்கும் அறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில் இருக்கிறது, பின்பக்கம் மூன்றாவது கேபிள், கால் சுற்று இடப்பக்கம், குழந்தைகள் தூங்கின பிறகு கால் சுற்று வலப்பக்கம். அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

தினமும் ஒரு மணிக்குப் படம் போனால் கேட்காமல் இருப்பார்களா? "என்ன ரெமிஜியஸ், கரெக்டா மத்தியானம் ஆனா அந்த ரூம் மட்டும் இருட்டாயிடுது?" என்று மேடம் கேட்டார். "மொட்ட மாடில போற கேபிள் மேடம், வெயில்ல கனெக்டர் விரியுது. சாயங்காலம் தானா சரியாயிடும்" என்றேன். பித்தளை அப்படியெல்லாம் விரியாது. அவர் தலையை ஆட்டி, பெற்றோர்களுக்கும் அதையே சொல்லிவிட்டார்.

மார்ச் மாதத்தில் ஷ்ரேயாஸின் அம்மா வீணா மட்டும் விடவில்லை. பிள்ளை சாயங்காலமெல்லாம் தூங்கி வழிகிறான், எனக்குப் படம் வேண்டும் என்று சண்டை போட்டார். சண்டை போட்ட ஒரே ஆள் அவர்தான். மேடம் என்னை ஒரு மணிக்கே வந்து பார்க்கச் சொன்னார்.

போனேன். அன்றைக்குக் கேபிளைக் கழற்றியது நான், அதுவும் என் வேலையாக. ரெக்கார்டரிலிருந்து கழற்றி என் மணிக்கட்டில் கட்டியிருந்த டெஸ்டரில் மாட்டினேன். உள்ளங்கை அளவு திரை, நேராகக் கேமராவின் படத்தைக் காட்டும், சத்தம் வராது. எந்தப் போனிலும் அப்போது படம் இல்லை. அறை வாசலில் நின்று லாவண்யா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். இதைத்தான் நான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் ஆட்டாமல் இருந்திருந்தால் அன்று அவள் பாட்டிலைத் தொட்டிருக்க மாட்டாள்.

பதினோரு பேர் படுத்துவிட்டார்கள். ஷ்ரேயாஸ் மட்டும் பாயில் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். அவள் இரண்டாவது முறை ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது முறை. இந்த முறை மூடியில் அளக்கவில்லை. அவன் படுத்தான். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவனுடைய கால் இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. திரையின் மூலையில் மணி ஓடும் சார். ஒன்று இருபத்திரண்டிலிருந்து ஒன்று முப்பத்து மூன்று வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு நான்கு அடி தூரத்தில் இருந்தது.

உள்ளே போனால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். படம் வருகிறதே என்பார்கள். கனெக்டர் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். இதையெல்லாம் அந்தப் பதினோரு நிமிடத்தில் நிதானமாக யோசித்தேன். நடுவில் சந்திரம்மா காபி கொண்டு வந்தார்.

"குடீப்பா. வந்ததுலேந்து சும்மனே அதையே பாத்துக்கினு நிக்கிறியே."

மணிக்கட்டை உள்பக்கம் திருப்பிக்கொண்டு டம்ளரை வாங்கினேன். காபியையும் குடித்தேன். அவர்தான் சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்க அறைக்குள் போனார், அவர்தான் கத்தினார், எல்லோரும் ஓடி வந்தபோது பையன் அவர் மடியில் இருந்தான். பத்து நிமிடம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கூச்சலில் லாவண்யா பாட்டிலை என் டூல் பையில் போட்டாள். வெளியே எங்காவது எறியலாம் என்றுதான் நினைத்தேன். காபி டம்ளரை வைக்கச் சமையலறைக்குப் போனேன். ராகி மாவு டப்பாவுக்குப் பின்னால் இடம் இருந்தது. துடைத்துவிட்டு அங்கே வைத்தேன். அது சந்திரம்மாவின் அலமாரி என்று எனக்குத் தெரியும். பாட்டிலை உங்கள் ஆட்கள் அங்கேதான் எடுத்தார்கள்.

கேமரா பற்றிக் கேட்க நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற மாதிரி, நீங்கள் கேட்காத வெயில் கதையையும் நானே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் டீ வாங்கிக் கொடுத்து, உங்கள் வீட்டுக்கும் இரண்டு கேமரா மாட்ட வேண்டும் என்றீர்கள். சந்திரம்மா அப்போது வெளியே பெஞ்சில் இருந்தார். என்னைப் பார்த்து, "நீ சொல்லப்பா, நீ அங்கதான இருந்தே" என்றார். அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறேன், ஃபாதரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் போவதில்லை. லாவண்யா தூங்குகிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் கெட்டவள் இல்லை, சத்தம் தாங்காதவள்.

நான்கு மாதம் சும்மா இருந்தவன் இன்று ஏன் வந்தான் என்று கேட்பீர்கள். சந்திரம்மாவுக்காக வந்தேன் என்று எழுத ஆசைதான். ஒன்பது நாளாக லாவண்யா மர்பி டவுனில் வேறொரு காப்பகத்துக்குப் போகிறாள். கேமரா நான்தான் மாட்டினேன். தூங்கும் அறைக்குக் கேபிள் இழுக்க வழியில்லை என்று சொல்லிவிட்டேன். இன்று காலை குடையை எடுக்க அவள் பையைத் திறந்தபோது புது பாட்டில் இருந்தது, சீல் உடைத்திருந்தது. அப்படியே வைத்து மூடினேன். அவள் வேலைக்குப் புறப்பட்டாள், நான் இங்கே புறப்பட்டேன்.

அங்கே எட்டுக் குழந்தைகள். அங்கேயும் ஒரு மணிக்குத்தான் தூங்க வைக்கிறார்கள். நான் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தது பதினொன்றரைக்கு, இப்போது சுவரில் மணி ஒன்று பத்து. இங்கிருந்து ஆட்டோவில் போனால் கால் மணி நேரம். எதிரே கான்ஸ்டபிள் கிருஷ்ணப்பா டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாப்பிடுகிறவரை நடுவில் எழுப்ப வேண்டாம், நான் இன்னும் கையெழுத்தும் போடவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். அதற்கு முன்னால் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன்.