ஆடி கழியட்டும்

கம்பம் ஜவுளிக்கடை சீனிச்சாமி அவர்களுக்குக் கூடலூர் பிண்ணாக்குக் கடை பிச்சைமணி எழுதிக்கொண்டது. என் வீட்டை விலைக்குக் கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கடிதம் மரியாதையாக இருந்தது. விலைதான் அப்படி இல்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நான் கேட்டிருந்தாலும் அங்கேதான் ஆரம்பித்திருப்பேன்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஆடி கழியட்டும், ஆவணியில் பேசி முடிப்போம். யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் இதே வீட்டைக் கேட்டபோது நானும் அதையேதான் சொன்னேன். வீடு கேட்பவன் செய்யக்கூடாத காரியம் அது. ஏன் என்று சொல்கிறேன். கூடவே, இந்த வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். குறையை மறைத்து விற்கிற பழக்கம் எனக்கு இல்லை.

வீடு அப்போது சங்கிலியம்மாளுடையது. புருஷன் இறந்துவிட்டார். மகளைக் குச்சனூரில் கட்டிக்கொடுத்திருந்ததால் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே போய்விட நினைத்தாள். குமுளி ரோட்டைப் பார்த்த வீடு, சுண்ணாம்புக் காரைச் சுவர், மேலே ஓடு வேய்ந்த மச்சு, பின்கட்டில் கோடையிலும் வற்றாத கிணறு. என் மனைவி சுருளியம்மாளுக்கு அந்தக் கிணற்றின் மேல்தான் கண். இருபது வருஷமாகத் தெருக்கோடியிலிருந்து தண்ணீர் சுமந்தவள். ஒரு நாளும் எதையும் கேட்டவள் அல்ல. அவளுக்காகத்தான் கேட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பலாம்.

ஆனி மாதக் கடைசியில் போய் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சங்கிலியம்மாள் ஒளிவு மறைவு தெரியாத பொம்பளை. கொல்லைக் கதவின் கொக்கியை வெளியிலிருந்து ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் தூக்கிவிடலாம் என்பதைக்கூடக் காட்டினாள். வாங்குகிறவன் பின்னால் குறை சொல்லக்கூடாதாம். நான் அவள் கேட்டதில் பாதிக்கும் குறைவாகச் சொன்னேன்.

"இம்புட்டுத்தானா? எங்க வீட்டுக்காரவுக சுவத்துக்குக் கரைச்சு ஊத்துன கருப்பட்டிக்கே காணாதேய்யா."

"ஆடி வருதுக்கா. ஆடியில எவன் வீடு கேப்பான்? நல்லா யோசிங்க. கழியட்டும், வாரேன்."

என் கணக்கு எளிதானது. ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் வீடு பேசமாட்டார்கள், பால் காய்ச்சமாட்டார்கள். முப்பது நாள் ஒருவரும் வாசலில் வந்து நிற்கவில்லை என்றால் எந்த விதவைக்கும் மனசு இறங்கும். ஆவணி முதல் தேதி நான் போய் நின்றால் கையைப் பிடித்துக் கொடுப்பாள். அந்த முப்பது நாளும் நான் அந்தத் தெருப்பக்கமே தலை காட்டவில்லை. ஆசையைக் காட்டிவிட்டால் விலை ஏறும் என்பது உங்களுக்கும் தெரிந்ததுதானே.

ஆடி பதினெட்டுக்கு மறுநாள் ஞானபாக்கியம் டீச்சர் அந்த வீட்டுக்கு அச்சாரம் கொடுத்துவிட்டாள்.

அவள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கே பள்ளிக்கூடத்துக்கு வந்தவள். புருஷன் மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் கம்பவுண்டர். எட்டு வயதில் சொர்ணலதா என்று ஒரே மகள். ஒன்பது வருஷத்தில் ஆறு வாடகை வீடு மாறியவள். ஒரு வீட்டில் கிணற்றைத் தொடாதே என்றார்கள், இன்னொரு வீட்டில் ஜெபம் பண்ணாதே என்றார்கள். அவளுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன. இதை நான் யோசிக்கவே இல்லை. யாரோடு போட்டி என்று தெரியாமலே விலை கேட்டிருக்கிறேன்.

அவளைப் பார்த்து நயமாகவே பேசினேன்.

"டீச்சரம்மா, அது நான் கேட்டு வச்ச வீடு."

"கேட்டு வச்சீங்க அண்ணாச்சி, பேசி முடிக்கலையே," என்று சிரித்தாள். "அந்தம்மா ஒரு வெல சொன்னாங்க. நியாயமாப் பட்டுச்சு. சரின்னுட்டேன்."

பேரமே பேசாமல் வாங்கியிருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊரே என்னைப் பார்த்து இளித்தது. டீக்கடையில் உட்கார்ந்தால் "என்ன பிச்சைமணி, ஆடி கழிஞ்சிருச்சா?" என்று கேட்டார்கள். சுருளியம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனாள்.

கிரயம் ஐப்பசியில் என்று பேச்சு. பழைய வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால் டீச்சர் ஆவணியிலேயே குடிவந்துவிட்டாள். குடிவந்த அன்று அந்தச் சிறுமி மச்சுப் படியில் ஏறி ஏறி இறங்கி, "பதிமூணு! எங்க வீட்ல பதிமூணு படி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். பிண்ணாக்கு மூட்டை அடுக்குகிற என் கிட்டங்கி அந்த வீட்டுக் கொல்லையை ஒட்டினாற்போல் இருக்கிறது. எனக்கு நன்றாகக் கேட்டது.

புரட்டாசியில் பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கத்து ஊர் ஒன்றில் பிளேக்கு கண்டிருந்தது. ஊர்ப் பேர் வேண்டாம், பாவப்பட்ட ஜனங்கள். இந்தப் பக்கத்து நடைமுறை உங்களுக்குத் தெரியும். கூரையிலிருந்து எலி செத்து விழுந்தால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்துவிட்டுக் காட்டில் குடிசை போட்டுக்கொள்ள வேண்டும். அதிகாரிகள் வந்து வெயில் இறங்கட்டும் என்று ஓட்டைப் பிரித்துப் போடுவார்கள். எலி விழுந்த வீட்டை அப்புறம் யாரும் நல்ல விலைக்குக் கேட்கமாட்டார்கள்.

சரக்கு விஷயமாக அந்த ஊருக்குப் போயிருந்தேன். புளியமரத்தடியில் சுகாதார இன்ஸ்பெக்டர் ஜனங்களைக் கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். எலி அல்ல எமன், எலி செத்துக் குளிர்ந்ததும் அதன் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி சூடு தேடி மனுஷனிடம் வரும், அதுதான் எமன் என்றார். அன்று சும்மாதான் திரும்பி வந்தேன். கடையில் வேலை இருந்ததால் பத்து நாள் கழித்துத்தான் மறுபடியும் போக முடிந்தது. ஆள் இல்லாத வீடு ஒன்றில், நெல் குதிருக்குப் பின்னால் மூன்று எலி செத்துக் கிடந்தது. உடம்பு இன்னும் விறைக்கவில்லை. இடுக்கியால் எடுத்துப் பிண்ணாக்குச் சாக்கில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினேன். பொறியில் அடித்த எலி ஆகாது. கழுத்து நசுங்கியிருக்கும், பார்த்தால் தெரிந்துவிடும். பிண்ணாக்குக் கடைக்காரனுக்கு எலியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் உச்சிப்பொழுது. டீச்சரும் மகளும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். விளக்குமாற்றுக் குச்சியால் கொக்கியைத் தூக்கினேன். அடுப்படியில் ஒன்று, அவர்கள் படுக்கும் பாய்ச் சுருட்டின் ஓரத்தில் ஒன்று, மச்சுப் படியில் ஒன்று. படியில் கீழேயே வைத்தால் யாராவது போட்டது போலத் தெரியும் என்று பதினோராவது படியில் வைத்தேன்.

சாயங்காலம் கிட்டங்கிச் சுவரை ஒட்டி நின்றேன். டீச்சர் அலறுவாள், தெரு கூடும், புருஷனைக் கூப்பிட மலைக்கு ஆள் போகும், கிரயம் நின்றுபோகும் என்று எதிர்பார்த்தேன். சத்தமே இல்லை. கொல்லைக் கதவு திறந்தது. டீச்சர் முறத்தில் இரண்டு எலிகளைக் கொண்டுவந்தாள். பின்னால் சொர்ணலதா மூன்றாவதை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பப்பாளி மரத்தடியில் குழி தோண்டினார்கள்.

நிமிர்ந்த டீச்சர் என்னைப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. சுவரோரம் வந்து மெல்லிய குரலில் சொன்னாள்: "அண்ணாச்சி, பாத்தத யாருகிட்டயும் சொல்லிராதீங்க. ஓட்டப் பிரிச்சிருவாங்க. அந்தம்மாவும் பயந்துபோய் அச்சாரத்தத் திருப்பிருவாங்க. இத விட்டா எங்களுக்குப் போக்கிடம் இல்ல. கிரயம் முடியுற வரைக்கும் மட்டும், அண்ணாச்சி."

"சொல்லமாட்டேன் டீச்சரம்மா," என்றேன்.

சொல்லவும் இல்லை. கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன்.

ஐந்தாம் நாள் டீச்சருக்குக் காய்ச்சல். மலைக் காய்ச்சல் என்று கொய்னா மாத்திரை சாப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் வருவதுதான், யாரும் சந்தேகப்படவில்லை. தொடையிடுக்கில் நெறி கட்டியது தெரிந்தபோது அவளுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. தாய் போன இரண்டாம் நாள் மகளும் போனாள். கம்பவுண்டர் மலையிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தபோது ஓட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த வீட்டுக்குள் நுழையவில்லை. ரோட்டில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

தெருவே காட்டுக்குப் போயிற்று. அங்கே குடிசைகளில் மேலும் நாலு பேர் இறந்தார்கள். சுருளியம்மாள் அவர்களில் ஒருத்தி. அது நோய் தானாகப் பரவியது; நான் எந்தக் குடிசையிலும் எதையும் வைக்கவில்லை.

தை மாதம் சங்கிலியம்மாளே ஆள் அனுப்பினாள். நான் முதலில் கேட்டதற்கும் கீழே ஒரு விலைக்கு வீடு வந்தது. சாவியைக் கையில் வைக்கும்போது அவள் அழுதாள்.

"நீ கேட்டப்பவே குடுத்திருக்கணும்யா. பேராசைப்பட்டுட்டேன். ரெண்டு உசுர நாந்தான் கொன்னுட்டேன்."

"எல்லாம் நேரம்க்கா," என்றேன்.

அவள் போகிற வரைக்கும் சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் கோயிலில் அந்த இரண்டு பேருக்காகவும் எள் விளக்கு ஏற்றினாள் என்று கேள்விப்பட்டேன். போன மாசிதான் இறந்தாள்.

இப்போது வீட்டின் குறையைச் சொல்கிறேன். சுவர் நன்றாக இருக்கிறது. ஓடு புதிது. கிணறு வற்றுவதில்லை, அதில் தண்ணீர் இறைக்கத்தான் ஆள் இல்லை. ஆனால் உச்சிப்பொழுதில் மச்சுப் படியில் ஒரு பிள்ளை எண்ணிக்கொண்டே ஏறும். ஒண்ணு, ரெண்டு என்று தெளிவாகக் கேட்கும். பதினொன்றில் நின்றுவிடும். பன்னிரண்டு என்று கேட்டுவிட்டால் எனக்கு மூச்சு வரும் போல இருக்கும். வருவதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் படியைப் பெயர்த்து விறகாக்கிவிட்டேன். மச்சுக்கு இப்போது வழியே கிடையாது. ஆனாலும் எண்ணிக்கை நிற்கவில்லை. நேற்றுகூட நான் கீழே நின்று பன்னிரண்டு, பதிமூன்று என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அது கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது, சீனிச்சாமி. அதனால்தான் விற்கிறேன்.

பயமுறுத்தி அனுப்பத்தான் எலி வைத்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். மேலே எழுதியதையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று சாயங்காலம் தெருவில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இருட்டுவதற்குள் வீடு காலியாகியிருக்கும். அவர்களும் பிழைத்திருப்பார்கள். நான் சொல்லவில்லை.

இன்னொன்றையும் மாற்றி எழுதிவிட்டேன். அந்தப் பத்து நாள் கடையில் வேலை ஒன்றும் இல்லை. புளியமரத்தடியில் இன்ஸ்பெக்டர் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டிருந்தார், வரிசையில் நின்று நானும் போட்டுக்கொண்டேன். உடம்பில் ஊசி பிடிக்கப் பத்து நாள் ஆகும் என்றார், அதுவரை பொறுத்திருந்தேன். சுருளியம்மாளை ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. நம்ம ஊருக்கு வராத நோய்க்கு இப்போது ஏன் என்று கேட்டிருப்பாள்.