கோணலாய் ஒட்டிய எலும்பு

ஓடுகிறோம். இறக்காமத்து வயல். வாய்க்கால் கட்டு முழுக்கச் சேறு. என் இடுப்பில் மகள் றிஸானா, பால்குடி. பின்னால் என் காக்கா இஸ்மாயில், எனக்கு மூத்தவர். தலைக்கு மேலே ஒரு கூவல் நீள்கிறது. சட்டென்று நிற்கிறது.

"குப்புறப் படு புள்ள! தலையத் தூக்காத!"

காக்காவின் குரல். அதுதான் கடைசி.

வழுக்கி விழுந்தேன். பிள்ளையை இடக்கையால் நெஞ்சோடு அணைத்திருந்தேன். உடம்பின் பாரம் முழுதும் வலக்கையில் இறங்கியது. மணிக்கட்டில் 'மளுக்' என்றது. பிறகுதான் செல் குண்டு வெடித்தது. திரும்பிப் பார்த்தேன். காக்கா எழும்பவில்லை. கூட ஓடியவர்கள் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள்.

சாய்ந்தமருதில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். சண்டையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை மூடிக் கிடந்தது. நாட்டு வைத்தியர் ஒருவர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். எலும்பு ஒட்டியது. கோணலாக ஒட்டியது.

வருடங்கள் போயின. அந்தக் கையால்தான் துணி தைத்தேன். மகளைக் கட்டிக்கொடுத்தேன். மழை நாளில் வலிக்கும். அவ்வளவுதான் என்று இருந்தேன். பிறகு விரல்கள் மரத்தன. பிடித்த ஊசி விழுந்தது தெரியாது. போன வருடம் ஒரு காலை. பொத்தான் போடப் போகிறேன். பெருவிரல் நிமிரவில்லை. வலியே இல்லை. சும்மா தொங்குகிறது.

கல்முனையில் டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"எலும்பு கோணலா ஒட்டி நரம்ப நெரிக்குது உம்மா. உரசி உரசிப் பெருவிரல நிமித்துற நாரும் அறுந்து போச்சி. இவ்வளவு காலமும் ஏன் வரல்ல?"

"இவளத் தூக்கிட்டு விழுந்த கை, டொக்டர். அண்டைக்குத்தான் காக்கா மௌத்தாப் போனாரு. கை நோகுதுன்னு யாருக்கிட்டச் சொல்ற?"

பக்கத்தில் நின்ற றிஸானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு நான் இதைச் சொன்னதே இல்லை.

மணிக்கட்டைக் கீறி நரம்பை விடுவித்தார்கள். வேறொரு விரலின் நாரை எடுத்துப் பெருவிரலுக்குக் கட்டினார்கள். விரல் அசைகிறது. மரப்பு முழுதாகப் போகவில்லை. மூட்டு தேய்ந்துவிட்டது. அதற்கு இனிச் செய்ய ஒன்றும் இல்லையாம்.

போனவை இவை. வயல், நாங்கள் திரும்பிப் போகவே இல்லை. தையல். தண்ணீர் வாளி தூக்கும் பலம். தொழுகையில் நெற்றி வைக்கும் சுஜூதில் உள்ளங்கை தரையில் படிவது. இப்போது கதிரையில் உட்கார்ந்து தொழுகிறேன்.

போனவர் ஒருவர். காக்கா. யார் எடுத்து அடக்கினார்கள், எங்கே அடக்கினார்கள் என்று இன்றுவரை தெரியாது. கப்ரடிக்குப் போக வழியில்லை. வீட்டிலிருந்தே அவருக்காகத் துஆக் கேட்கிறேன். இரண்டு கையையும் ஏந்துகிறேன். வலக்கை முழுதாய்த் திரும்பாது.