மேலே புளியாரை, கீழே கிழங்கு

புல்லைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. மாடு தின்னும், அவ்வளவுதான். என் தங்கை ஷரபுன்னிசாவின் புருஷன் பரக்கத் அலிக்கு அது போதவில்லை. ரங்கூனிலிருந்து வந்தவர். தென்னூரில் வீடு வாங்கி, துரைமார் பங்களா மாதிரி வாசலில் புல்தரை வேண்டுமென்றார். அதை வெட்டிச் சீராக்கும் வேலையும் இருக்கக் கூடாது, அது வயிற்றுக்கும் உதவ வேண்டுமாம். மேலே க்ளோவர் என்கிற மூவிலைச் செடி, கீழே கிழங்கு.

பாலக்கரையில் விதைக்கடை வைத்திருப்பவன் நான். க்ளோவர் ஊட்டிச் செடி, திருச்சி வெயிலில் ஒரு வாரம் தாங்காது. ஸ்ரீரங்கத்து வாழைத்தோப்பில் ஓசியாக முளைக்கும், அதே போல மூன்று இலையுள்ள புளியாரையைப் பிடுங்கி, சீமைச் சரக்கு என்று நட்டுக் கொடுத்தேன். இலையை எண்ணிப் பார்த்துப் பூரித்துப்போனார். இடையிடையே சர்க்கரைவள்ளி வைத்தேன்.

பேரம் பேசட்டுமென்று விலையை இரட்டிப்பாகச் சொன்னேன். கேட்டதை அப்படியே நீட்டினார்.

“என்ன மாப்பிள்ளை, குறைச்சுக் கேக்க மாட்டீங்களா?”

“பொழச்சுப் போங்க மச்சான்.”

தோட்டக்காரன் சிரித்தான். கதவுக்குப் பின்னாலிருந்து தங்கையும் சிரித்தாள். பாவம், இப்படியொரு மடையரோடு அவள் எப்படிக் காலம் தள்ளுவாள்? அவளை மீட்பது அண்ணன் கடமை.

ரமலான் வரட்டுமென்று காத்திருந்தேன். மற்ற மாதமென்றால் சமைக்கிறவள் உப்புப் பார்த்துவிடுவாள். நோன்பில் பார்க்க மாட்டாள். பாங்கு சொன்னதும் அவர் முதலில் சாப்பிடுவார், அவள் பரிமாறுவாள். மிச்சத்தை நான் கை தவறினாற்போல் கவிழ்த்துவிடுவது என்று ஏற்பாடு.

அன்று காலை நானே புல்தரையில் கிழங்கு தோண்டி, வேலியோரத்து விஷமான கலப்பைக்கிழங்கையும் தோல் சீவிக் கலந்து, கூடையைக் கொடுத்தேன்.

“நோன்பு தெறக்க நானும் வரேம்மா.”

“வாங்கண்ணே. உங்களுக்குக் கிழங்கு வாயு. தனியா வடை சுட்டு வைக்கிறேன்.”

பெண்களுக்கு நோன்பு விலக்கான நாட்கள் உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள். ஆண்கள் கண்ணில் படாமல் அடுப்படியில் மத்தியானம் ஒரு வாய் சாப்பிட்டுக்கொள்வார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எந்த ஆண் அதை நினைத்துப் பார்க்கிறான்?

நான் போனபோது பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. பரக்கத் அலி நோன்பு திறக்கவில்லை. துவண்டு கிடந்த அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜட்கா வண்டிக்கு ஆள் விட்டிருந்தார். அடுப்பில் கிழங்குக் கறி ஒரு வாய் குறைந்திருந்தது. பக்கத்தில் எனக்கான வடை மூடியிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்காரன் கேட்ட கூலியை அப்படியே கொடுத்தார், மனிதர். அப்போதும் பேரம் பேசத் தெரியவில்லை. விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

கிழங்கைக் கலந்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: தனக்கு நோன்பில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் வேறு நாள் பார்த்திருப்பேன்.