கடிபட்ட கைகளுக்குப் பாராட்டு

மலைச்சரிவில் கொழுந்தெடுக்கும் தாய்மாரின் மழலைகளை மடியிலும் மார்பிலும் காத்த மாதரசியே! பனியென்றும் மழையென்றும் பாராமல் விடியுமுன் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தின் கதவைத் திறந்து வைத்த பெருந்தகையே! எங்கள் ஆயம்மா சிசிலி அவர்களே, வணக்கம்!

எத்தனையோ ஆண்டுகள் எங்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டினீர்கள், ஊட்டினீர்கள், தொட்டிலாட்டினீர்கள். அதையெல்லாம் அழகாக அடுக்கிச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். இந்த மடலை எழுதும் பொறுப்பைத் தந்தவர்கள், "ஜீவராணி, நல்லத மட்டும் எழுது. கடிச்ச கதையெல்லாம் வேணாம்" என்றார்கள். அந்தக் கதையைத்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் பெருமை அதில்தான் இருக்கிறது.

என் மகன் திலக்ஷனுக்குப் பிறவியிலேயே அரிதான ஒரு குறை. பாலிலும் பருப்பிலும் முட்டையிலும் உள்ள சத்து அவன் உடம்பில் தேங்கி மூளையைத் தாக்கும். தேங்கும் நாளில் அவன் அவனாக இருப்பதில்லை. தலையைச் சுவரில் மோதுவான், அலறுவான், கிட்டே வருவோரைக் கடிப்பான்; அதிகக் கடி, தடுக்கும் உங்கள் கைகளில்தான். அடங்கியபின் மேசைக்கடியில் ஒளிந்து நடுங்குவான். பேய் என்றார்கள். வளர்ப்புச் சரியில்லை என்றார்கள். அவற்றைத் தொடாத பத்தியம்தான் மருந்து என்று கொழும்பு வைத்தியர் சொன்னதை இந்தத் தோட்டத்தில் முதலில் நம்பியவர் நீங்கள்.

காளியாயி அக்காவின் மகள் சுலக்ஷனாவின் கன்னத்தை அவன் கடித்த அன்று, தாய்மார் மடுவத்து வாசலில் திரண்டார்கள்.

"கடிக்கிறதக் கட்டித்தானே போடணும்? இல்லாட்டி வெளிய அனுப்புங்க" என்றார் காளியாயி அக்கா.

"கட்டுங்க. என்னையும் சேத்து ஒரே கயித்துல கட்டுங்க. அவன் வெளிய போனா நானும் போறேன். நாளைக்கு ஒங்க புள்ளைங்கள யாரு பாக்குறதுன்னு பேசி முடிவெடுங்க" என்றீர்கள்.

தாய்மார் பிள்ளைகளை உங்களிடமே விட்டுக் கலைந்தார்கள்.

நீங்களும் அத்தோடு விடவில்லை. வீட்டிலும் மடுவத்திலும் பத்தியம் தவறாதபோது வெறி ஏன் கூடுகிறதென்று, மாலையில் அவன் பின்னாலேயே எங்கள் வரிசை வீடுகளான லயத்து வழியே நடந்தீர்கள். வாசலைக் கடக்கும் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாத வழக்கம் எங்களுடையது. "பாவம், புள்ள கெழங்கையே திங்குது" என்று ஒரு வாசலில் வடை, இன்னொரு வாசலில் பால்டொபி, அடுத்ததில் கடலை. காலையில் சண்டை பிடித்த காளியாயி அக்காதான் மாலையில் அதிகம் ஊட்டியவர்!

"தின்னா தேறிருவான்னு நெனச்சேன் ஆயம்மா" என்று அழுதார்.

"ஆசையா இருந்தா தூக்கி வச்சுக்கங்க. வாயில ஒண்ணும் வைக்காதீங்க" என்று வாசல் வாசலாகச் சொன்னீர்கள். கடி குறைந்தது. நிற்கவில்லை. நின்றுவிட்டது என்று எழுதினால் அது பொய்ப் பாராட்டு.

நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள் என்றதும், "புது ஆயாவால அவனப் பாக்க ஏலாது, வீட்டுல வச்சுக்கங்க" என்றார்கள் தோட்ட அலுவலகத்தில். அவன் வீட்டில் இருந்தால் நான் மலைக்குப் போக முடியாது, போகாவிட்டால் அடுப்பெரியாது. கெஞ்சப் போன என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றார் காளியாயி அக்கா.

"அவனுக்கு எடமில்லாட்டி ஒரு புள்ளைக்கும் எடம் வேணாங்கய்யா. எல்லாத்தையும் இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் பெரட்டுக்கு வருவோம். அதுங்க அழுவுற சத்தத்துக்கு மேல எங்க பேரக் கூப்புடுங்க!"

மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அப்படியே நின்றோம். யார் பெயரும் யாருக்கும் கேட்கவில்லை. கொழுந்து செடியிலேயே கிடந்தது. தேநீர் வேளைக்கு முன் பதில் வந்தது: திலக்ஷன் மடுவத்திலேயே இருப்பான்.

அம்மா, அப்படி நிற்பதை உங்களைப் பார்த்துத்தான் பழகினோம். நோய்நொடி அணுகாமல் நெடுங்காலம் வாழ்க! கந்தப்பளையில் மகன் வீட்டில் வெயில் ஏறும்வரை தூங்குங்கள். திங்கட்கிழமை மடுவத்துக் கதவைப் புது ஆயா நிலக்ஷி திறப்பாள். திலக்ஷன் உள்ளே போவான். எங்களைத் தாண்டி எவரும் அவனை வெளியே அனுப்ப முடியாது.

என்றும் உங்கள் பக்கம் நிற்கும்,
மடுவத்தில் பிள்ளை விட்டு மலையேறும் தாய்மார்,
மேற்பிரிவு, மஸ்கெலியா.