சேதுராமன் கேட்ட இரண்டு தட்டு

ரேடியோ ரிசீவரைக் கேட்கத்தான் சேதுராமன் வருகிறான். வரட்டும். இவ்வளவு காலம் கழித்தாவது வரட்டும்.

வாசல் கேற் திறக்கும் சத்தத்திலேயே கமலாசனி அப்படி நினைத்துக்கொண்டார்.

நேரம் பின்னேரம் ஆறரை. கண்டிக்கு வெளியே கலகெதர வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே மேலே ஏறிப்போக வேண்டும். தெருவிளக்குக் கிடையாது. பக்கத்தில் வேறு வீடும் கிடையாது...

இது என் சிநேகிதி இராசமணியின் பெரியம்மாவுக்கு நடந்தது. றம்ஸியா, நீ கதை கேட்டாய், சொல்கிறேன்; சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடு. பிறகு வராது.

கமலாசனியின் கணவர் விமலநாதன் யாழ்ப்பாணத்தவர். கண்டியில் பொறியியலாளராக இருந்தார். வீட்டின் பின்னறையில் அமெச்சூர் ரேடியோ நிலையம் வைத்திருந்தார். லைசென்ஸ் உள்ள நிலையம். மோர்ஸ் கீயைத் தட்டி, முகம் தெரியாத தேசத்து மனிதர்களுடன் பேசுவார். அனுப்புவதற்கு ஒரு ட்ரான்ஸ்மிட்டர், கேட்பதற்கு ஒரு ரிசீவர். ஒரே கம்பனி, ஒரே சாம்பல் நிறம், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அப்படிச் சோடியாகக் கிடைப்பது அபூர்வம்.

டவுனில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த சேதுராமனுக்கும் அதே பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், சாப்பிடுவான், அந்தச் சோடியைத் துடைத்துவிட்டுப் போவான். விலைக்குக் கேட்டும் பார்த்தான். “பெண்சாதியைக் கேள், யோசிச்சுச் சொல்லுறன். இதைக் கேளாதை” என்று விமலநாதன் சிரித்தார். சோறு போட்டுக்கொண்டிருந்த கமலாசனியும் சிரித்தார். சேதுராமன் சிரிக்கவில்லை.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிந்திய வருடங்களில் ஒன்று. ஒரு காலை ஜீப் வந்தது. இவர் வடக்குக்குச் செய்தி அனுப்புகிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். வந்தவர்கள் எதையும் தேடவில்லை. நேரே பின்னறைக்குப் போனார்கள். ஒன்றுபோல் இருந்த இரண்டு பெட்டிகளில் ட்ரான்ஸ்மிட்டரை மட்டும் தூக்கினார்கள். கீயையும் எடுத்தார்கள். அவரையும் ஏற்றினார்கள்.

அவர் திரும்பி வரவில்லை.

எது ட்ரான்ஸ்மிட்டர் என்று அவர்களுக்கு யார் சொன்னது? குசினி அடுப்படியில், படிப்பிக்கப் போன வகுப்பறையில், கோயிலில் என்று கமலாசனி அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அந்த அறைக்குள் வந்துபோன வெளியாள் ஒருவன்தான். ஆனால் வெறும் நினைப்பை வைத்து யாரைப் பிடிப்பது? தங்கை கனடாவுக்கு வா என்றாள். போகவில்லை. அவர் வந்து கதவைத் தட்டினால் திறக்க ஆள் வேண்டுமே...

சண்டை முடிந்து சில வருடங்களில், ரிசீவர் பேசத் தொடங்கியது.

அதன் வயரை எலி எப்போதோ தின்றுவிட்டிருந்தது. ஆனாலும் ஒரு பின்னேரம் பின்னறையில் வால்வு சூடாகும் மணம் வந்தது. தூசி கருகுகிற மணம். அப்புறம் சத்தம்... டிட். டா. டிட்.

மோர்ஸ்காரர்களுக்குக் கைதான் குரல். விமலநாதன் கடைசிக் கோட்டை, அந்த ‘டா’வை, சற்று இழுப்பார், விடைபெற்ற பிறகும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்பவர் மாதிரி. தேத்தண்ணி வேண்டுமென்றால் கரண்டியால் மேசையில் தட்டுவார். அப்படித்தான் கமலாசனிக்கும் மோர்ஸ் படிந்தது. அதே கை. அது ஒரே அழைப்புக் குறியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. ரேடியோக்காரருக்கு அந்தக் குறிதான் பெயர்.

அது சேதுராமனுடைய குறி.

என்னைக் கூப்பிடவில்லையே என்று முதலில் அழுதாராம். பிறகு விளங்கியது. அழுகை நின்றுவிட்டது.

அதனால்தான் அன்று கேற்றைத் திறந்து சேதுராமன் வந்து நின்றபோது அவர் பதறவில்லை. கடையை மகனிடம் கொடுத்துவிட்டானாம். லைசென்ஸ் எடுத்து மறுபடி ரேடியோவுக்குத் திரும்பிவிட்டானாம். கம்பளையில் பழைய இரும்புக் கடையொன்றில் அதே மாதிரி ட்ரான்ஸ்மிட்டர் கிடைத்ததாம். அதே மாதிரியா, அதுவேதானா என்று கமலாசனி கேட்டார். அவன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தான்.

“சோடி இல்லாம மொட்டையா நிக்குது அண்ணி. ரிசீவர் ஒங்ககிட்ட சும்மாதானே கெடக்கு.”

“கொண்டுபோங்கோ தம்பி. சோடி சேரட்டும்.”

காசு வாங்கவில்லை. தூசியைக்கூடத் துடைத்துக் கொடுத்தார்.

அவன் செய்தது ரேடியோக்காரன் மட்டும் செய்யக்கூடிய பிழை. தன் குறியை யாராவது கூப்பிட்டால் கை தானாக கீக்குப் போய்விடும். யார், எங்கிருந்து என்பதெல்லாம் பிறகுதான். இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்த அன்றைக்கே கூப்பிட்டது. அவன் பதில் தட்டிவிட்டான். தட்டிய பிறகுதான் அந்தக் கடைசிக் கோடு இழுபட்டது காதில் ஏறியது...

பதில் தட்டினால் பேச்சு தொடங்கிவிட்டது. முடிக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு தட்டு. டிட் டிட். போய்வருகிறேன் என்கிற மாதிரி. அதுதான் அவர்களுடைய மரியாதை.

அவன் தட்டினான். அந்தப் பக்கம் தட்டவில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் மறுபடி வந்தான். அதே நேரம், அதே பாதை. ரிசீவரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, தெப்பமாக நனைந்து. மேசையில் வைத்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

“யார் சொன்னதுன்னு கேக்கிறாரு அண்ணி.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

கூரைப் பீலியில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“நாந்தான்னு தட்டிட்டேன். பெட்டி மேல இருந்த ஆசை... ரெண்டு நாள் வச்சிருந்து விட்ருவாங்கன்னு நெனச்சேன். எல்லாத்தையும் தட்டிட்டேன்.”

“பிறகு?”

“சரியா கேக்கலையாம். திருப்பிச் சொல்லுன்றாரு. சொன்னேன். மறுபடியும் திருப்பிச் சொல்லு... தெனமும் அதேதான். பெட்டிய பூட்டி வச்சாலும் வெரல் நிக்க மாட்டேங்குது. தூக்கத்திலயும் தட்டுது.”

அவனுடைய வலது கை முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. நகம் கறுத்துப் பிளந்திருந்தது. விரல் நுனியில் தோல் இல்லை.

மற்றக் கையால் சட்டைப் பையிலிருந்து கீயை எடுத்துக் கமலாசனி முன் வைத்தான். அன்று ஜீப்பில் போன அதே பித்தளை கீ. விமலநாதனின் விரல் பட்டுப் பட்டுக் குழிந்த இடம் அப்படியே இருந்தது.

“ஒங்க கையும் அவரு கையும் ஒண்ணு. அவருக்காக நீங்க தட்டினா முடிஞ்சிரும். வயர் கியர் ஒண்ணும் வேணாம், அவருக்குக் கேக்கும். ரெண்டே தட்டு அண்ணி. இல்லாட்டி நான் செத்துருவேன்.”

கமலாசனி அந்தக் குழியில் விரலை வைத்தார். சரியாகப் பொருந்தியது. குளிர்ந்திருந்தது. ஜீப்பில் ஏறிப்போன மனிதனிடம் எத்தனை தடவை திருப்பிச் சொல், திருப்பிச் சொல் என்றிருப்பார்கள்? அவரிடம் சொல்வதற்கு ஒன்றுமே இருந்திருக்காதே...

தூசி கருகும் மணம் வந்தது.

வயர் இல்லாத ரிசீவரின் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் மெல்ல ஏறியது. டிட். டா... கடைசிக் கோடு இழுபட்டு ஓய்ந்தது.

சேதுராமன் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கமலாசனி விரலை எடுத்தார். கீயை மெதுவாக அவன் பக்கம் தள்ளிவைத்தார்.

“எனக்கும் வடிவாக் கேக்கேல்லை தம்பி. திருப்பிச் சொல்லுங்கோ.”