வாழி பாடாத இசைத்தட்டு

தலைமை நாற்காலிக்குத் தகுதி சேர்க்கும் தனவந்தர் செல்லப்பா அவர்களே! சாரல் தூறியும் சற்றும் கலையாத சான்றோர்களே! மழலைகளை மடியில் கிடத்தி மணலில் அமர்ந்திருக்கும் மாதரசிகளே! பின்வரிசையில் நின்றபடி என்னைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லும் பெருந்தகைகளே! உங்கள் அனைவர்க்கும் என் அந்தி வணக்கம்.

பாட்டுக்காரர் உச்சிமாகாளி அவர்களுக்குப் பொன்னாடை போர்த்த வந்திருக்கிறேன். இதோ என் வலப்புறம் அமர்ந்திருக்கிறாரே, இவரை எந்தக் கலைக்குள் அடைப்பது? வில்லடித்தால் கோயில் கொடை நிறையும். உடுக்கை எடுத்தால் ஊரே உறையும். செங்கோட்டை நாடகக் கொட்டகையில் ஆர்மோனியம் வாசித்தவர் யார்? இவர். கடையநல்லூர் தர்கா கந்தூரியில் தப்சு மேளம் கொட்டியவர் யார்? இவரேதான். மணவீட்டிலும் பாடினார், மயானக் கரையிலும் பாடினார்.

என்ன? "ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்க அண்ணாச்சி" என்கிறீர்களா? பாட முடியாது, ஐயா. சென்ற ஐப்பசியில் அவர் தொண்டை அடைத்துவிட்டது. உதடு அசையும், ஒலி வராது. அது ஏன் என்று சொல்லத்தான் எழுந்தேன்.

முப்பத்துநான்காம் ஆண்டு. சென்னையிலிருந்து ஓர் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் வந்து இவரை அழைத்துப் போனார். இசக்கியம்மன் கதையைப் பாடச் சொன்னார். அம்மனை அழைப்பது வரத்துப் பாட்டு. வந்தவளை வாழ்த்தி வழியனுப்புவது வாழிப் பாட்டு. நம்மூர்க் குழந்தைக்கும் தெரிந்த இந்த நியதி கம்பெனிக்காரருக்குத் தெரியுமா? "தட்டு நிறைந்துவிட்டது, வாழி வேண்டாம்" என்றார். "ஐயா, கூப்பிட்டுட்டு அனுப்பாம விடக் கூடாது" என்று இவர் கெஞ்சினார். கேட்டாரா அவர்? கடிகாரத்தைக் காட்டினார்.

தட்டு விற்றது. தெருவெல்லாம் இவர் குரல், திண்டாட்டமும் தொடங்கியது.

அடுத்த ஆடியில், குற்றாலத்துக் காப்பிக் கிளப்பில், உச்சிப்பொழுதில் அந்தத் தட்டைப் போட்டார்கள். அருவியில் குளித்து ஈரச் சேலையோடு வந்த அச்சன்புதூர் ரெங்கம்மாள், இலை முன் அமர்ந்தவள், எழுந்தாள். கூந்தல் அவிழ்ந்தது. தட்டு நின்றது, அவள் ஆட்டம் நிற்கவில்லை. திருநீறு போட்டார்கள், வேப்பிலை அடித்தார்கள். ஆடிக்கொண்டே கேட்டாள்:

"கூப்பிட்டவன் எங்கலே? சத்தம் கேக்குது, ஆளக் காணலியே!"

எதிர்ப் பலகையில் நான் இருந்தேன். அவள் கிராமபோன் குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளேயிருந்து எதுவோ அவளைத் திரும்பிப் பார்த்ததைப் போல, மெல்லச் சிரித்தாள். பொய் சொல்லவில்லை, ஐயா. என் கையிலிருந்த காப்பி என் வேட்டியில் கொட்டியது.

மறுநாள் சிவகிரியிலிருந்து இவரை அழைத்து வந்தோம். அதுவரை அவள் ஆடினாள். கால் வெடித்து இரத்தம் கசிய ஆடியவள் முன் மண்டியிட்டு இவர் வாழி பாடினார். "போதும்ப்பா, நான் வாரேன்" என்றாள், ரெங்கம்மாளுடையதல்லாத ஒரு குரலில். விழுந்தாள். எழுந்து தண்ணீர் கேட்டாள்.

அன்றே நாடகத்தை விட்டார், நாற்காலியை விட்டார், நாலு பேர் போட்ட மாலையை விட்டார். தட்டுப் போன ஊருக்கெல்லாம் தானும் போனார். எங்கெல்லாம் ஒருத்தி ஆடினாளோ அங்கெல்லாம் நின்று வாழி பாடினார். பாடிப் பாடியே குரல் தேய்ந்தது. புகழைக் கொடுத்த தட்டே குரலைக் குடித்தது!

கைதட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். தாய்மார் பக்கம் என்ன சலசலப்பு? யாரம்மா அது, தலையை விரித்துக்கொண்டு?

ஒலிபெருக்கிக்காரர் கடற்கரை அவர்களே, கூட்டம் சேர்க்க மாலையில் என்ன தட்டுப் போட்டீர்?

"உச்சிமாகாளி அண்ணாச்சியோட இசக்கி பாட்டுத்தான். ஒரு மரியாதைக்கிப் போட்டேன்."

ஐயோ!

அவளைப் பிடிக்காதீர்கள், விலகி நில்லுங்கள். கேட்கிறதா, அவள் என்ன கேட்கிறாள் என்று? "கூப்பிட்டவன் எங்கலே?" இதோ உச்சிமாகாளி எழுந்துவிட்டார். மேடையை விட்டு இறங்குகிறார். உதடு அசைகிறது. ஒலி இல்லை. அவள் அவர் வாயையே பார்க்கிறாள்.

மக்களே! நமக்காகக் குரலை இழந்தவருக்கு நம் குரலைத் தரமாட்டோமா? அவர் உதட்டைப் பாருங்கள். எழுந்திருங்கள், தலைவரே, நீங்களும்! சேர்ந்து சொல்லுங்கள்! மலை வாழி! மழை வாழி! மண் வாழி! மக்கள் வாழி! இன்னும் உரக்க! உன்னைக் கூப்பிட்டவர் இதோ நிற்கிறார், தாயே, அவர் குரல்தான் இது! வந்தவளே, வாழி! எங்கள் பெண்ணை விட்டு மலையேறு, தாயே! வந்ததற்கு உனக்கு நன்றி. போவதற்கு உனக்கு வணக்கம்.